சிறையும் கல்லூரியும்

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, சிக்காகோ மாநகருக்குத் தென்மேற்கில், ஜோலியட் என்றொரு நகரம் உண்டு. சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போன ஊர் அது. அவ்வூரில் இரண்டு நிறுவனங்கள் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஒருங்கே வாழ்ந்தன. ஒன்று மறியற்சாலை, மற்றொன்று கல்லூரி. மறியற்சாலைக்கு முதற் கைதிகள் 1858 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தனர். நிலத்தை அகழ்ந்து கல் எடுத்துத் தம்மைச் சுற்றி எழும் மதிலை எழுப்பும் வேலை அக்கைதிகளுக்கே விதிக்கப்பட்டது. கல்லூரியோ 1901 இல் தோன்றியது. உயர்நிலைப் பாடசாலை ஒன்றன் நிழலில், ஆறே மாணவரோடு அது ஆரம்பமாயிற்று.

இவ்விரண்டுக்கும் உறவு யாது? மறியற்சாலைக் காவலனுக்குக் கல்லூரியிலே என்ன வேலை? கதவைப் பூட்டவும் திறக்கவும், காலையும் மாலையும் ஆட்களை எண்ணிக் கணக்குக் கொடுக்கவும் கல்வி எதற்கு? இவ்வாறு கேட்போர் அந்நாட்டிலே நெடுங்காலம் இருந்தனர். அக்கேள்விக்கு விடை காண முயன்றோரின் கதையே அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் குற்றவியல் நீதியும் சிறைச் சீர்திருத்தமும் பாடமான வரலாறு.

அவ்வரலாற்றின் அடியில் எளிய உண்மை ஒன்று கிடக்கிறது. தண்டனை விதிக்கும் நீதிபதி, குற்றவாளியைச் சில மணி நேரமே காண்கிறார். தீர்ப்பு வாசிக்கப்பட்ட பின், அவர் அவனை மறுபடி காண்பதில்லை. ஆனால் மறியற்சாலைக் காவலன் அவனை நாள்தோறும் காண்கிறான்; ஆண்டுக்கணக்காகக் காண்கிறான். உணவு வேளையிலும் உறங்கும் வேளையிலும், நோயுற்ற போதும், வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்த போதும் கைதியின் அருகில் நிற்பவன் அவனே. அரசு என்பதும் நீதி என்பதும் அக்கைதிக்கு அக்காவலனின் முகத்திலேதான் தெரிகின்றன. அம்முகம் எத்தகையது என்பதைப் பற்றி அரசுகள் மிகப் பிந்தியே சிந்திக்கத் தொடங்கின.

குற்றவாளியைத் தண்டனையாகவே பல்லாண்டு அடைத்து வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேரூன்றியது. அதற்கு முன்னர் கசையடியும் தூக்குமரமும் அபராதமுமே தண்டனைகளாக இருந்தன. பிலடெல்பியா நகரில் வாழ்ந்த குவேக்கர் சமயத்தவர், குற்றம் செய்தவனைத் தனிமையில் இருத்திச் சிந்திக்க விட்டால் அவன் மனம் திருந்துவான் என நம்பினர். 1790 இல் அந்நகரின் வோல்நட் வீதிச் சிறையில் அம்முறை தொடங்கியது. 1829 இல் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறையில் அது முழு வடிவம் பெற்றது. ஒருவர் முகத்தை ஒருவர் காணாவண்ணம் ஒவ்வொரு கைதியும் தனி அறையில் அடைக்கப்பட்டான்.

நியூ யோர்க் மாநிலத்தின் ஓபர்ண் சிறை வேறு வழியை மேற்கொண்டது. அங்கே கைதிகள் பகலில் ஒன்றுகூடி உழைத்தனர். இரவில் தனித்தனி அறைகளில் உறங்கினர். ஆயினும் எப்போதும் ஒருவரோடொருவர் பேசலாகாது என்பது அங்கு விதி. மீறியவனுக்குச் சவுக்கடி கிடைத்தது. இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்ற வாதம் ஐரோப்பா வரைக்கும் எட்டியது. பிரான்சிலிருந்து தொக்குவீலும் போமோன்டும் 1831 இல் வந்து இச்சிறைகளைப் பார்வையிட்டனர். இங்கிலாந்தின் சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1842 இல் வந்து, தனிமைச் சிறையின் கொடுமையைக் கண்டித்து எழுதினார்.

கட்டடம் எவ்வாறு அமைய வேண்டும், அறை எத்தனை அடி அகலம் இருத்தல் வேண்டும் என்றெல்லாம் அறிஞர் வாதிட்ட அக்காலத்தில், அக்கட்டடத்துள் நின்று கதவு திறப்பவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என வினவியோர் சிலரே. காவலர் பலர் அரசியற் கட்சிகளின் தயவாலே உத்தியோகம் பெற்றனர். ஆளுநர் மாறினால் காவலரும் மாறினர். பயிற்சி என்பது, முதல் நாளன்று சாவிக் கொத்தைக் கையிற் பெறுவதோடு முடிந்தது.

1870 ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரிலே சிறைச் சீர்திருத்தத்தை நாடிய பெருமக்களின் மாநாடு ஒன்று கூடியது. பின்னர் அமெரிக்காவின் ஜனாதிபதியாக வந்த ரதர்போர்ட் ஹேய்ஸ் அப்பொழுது ஒஹாயோ மாநிலத்தின் ஆளுநராக இருந்து அம்முயற்சிக்குத் தலைமை தாங்கினார். தண்டனையின் நோக்கம் பழிவாங்குவதாக இராமல் திருத்துவதாக இருத்தல் வேண்டும் என மாநாடு பிரகடனஞ் செய்தது. சிறை உத்தியோகத்தர்க்கு அறிவும் நல்லுள்ளமும் வேண்டும் என்பதோடு, அத்தொழிலுக்கெனத் தனிப் பயிற்சியும் வேண்டும் என்பது அப்பிரகடனத்தின் கொள்கைகளுள் ஒன்று. கொள்கை ஏட்டில் எழுதப்பட்டது. அதைக் கற்பிக்க ஒரு பாடசாலை எழுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன.

அந்த இடைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. ஓபர்ண் நகரத்தைச் சேர்ந்த தோமஸ் மொட் ஒஸ்போர்ண் செல்வந்தர். அந்நகரின் மேயராகவும் இருந்தவர். மாநிலச் சிறைச் சீர்திருத்த ஆணைக்குழுவின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைத்தது. சிறையைப் பற்றித் தீர்மானிக்கப் போகிறவன் சிறையை உள்ளிருந்தே அறிய வேண்டும் என அவர் எண்ணினார். 1913 ஆம் ஆண்டில், டொம் பிறவுண் என்ற பெயரைப் பூண்டு, கைதியின் உடை தரித்து, ஓபர்ண் சிறையிலே ஒரு வாரம் வாழ்ந்தார். தாம் வருவதைக் கைதிகளுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்; தம்மை வேறுபடுத்தி நடத்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வேண்டுமென்றே வேலை செய்ய மறுத்து, தண்டனை அறையின் இருளையும் அனுபவித்தார்.

வெளியே வந்த ஒஸ்போர்ண், கைதிகள் தமக்குள்ளே ஒழுங்கை நிலைநாட்டும் பரஸ்பர நலன்புரிச் சங்கம் ஒன்றை அமைப்பதற்குத் துணைநின்றார். 1914 இன் இறுதியில் சிங் சிங் சிறையின் தலைமை அதிகாரியாகவும் நியமனம் பெற்றார். அவருடைய சோதனை ஓர் உண்மையை வெளிப்படுத்தியது. சிறையைப் பற்றிய அறிவு தானாக வருவதன்று. முயன்று கற்க வேண்டியது அது. ஆனால் எல்லாக் காவலரையும் ஒரு வாரம் கைதியாக்கிவிட முடியாது. அவர்கள் கற்பதற்கு வேறு இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் உருவாகிய வழி வேறொன்று. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய வில்லியம் ரெயினி ஹார்ப்பர், பல்கலைக்கழகக் கல்வியின் முதலிரண்டு ஆண்டுகளைத் தனியே பிரித்து, அவ்வவ்வூரிலேயே கற்பிக்கலாம் என்ற கருத்துடையவர். ஜோலியட் உயர்நிலைப் பாடசாலையின் அதிபரான ஸ்டான்லி பிறவுண் அக்கருத்தை ஏற்றார். அவ்வாறு 1901 இல் பிறந்ததே ஜோலியட் கனிஷ்ட கல்லூரி. தொடர்ந்து இயங்கிவரும் அரசாங்கக் கனிஷ்ட கல்லூரிகளுள் அதுவே மிகப் பழையது எனக் கூறுவர். வீட்டை விட்டு நெடுந்தூரம் செல்ல வசதியற்ற பிள்ளைகளுக்கு அது உயர்கல்வியின் வாயிலைத் திறந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 1947 இல் இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் நிறுவ வேண்டுமென விதந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் பரவியதும் அப்பொழுதே.

காவற் பணியைக் கல்லூரிக்குக் கொண்டுவந்த பெருமை, கல்லூரியையே மிதியாத ஒருவருக்கு உரியது. கலிபோர்ணியாவின் பெர்க்லி நகரில் கடிதங்களை வீடுவீடாகக் கொண்டு சென்று கொடுத்த தபாற்சேவகர் ஓகஸ்ட் வொல்மர். 1905 இல் அந்நகர மக்கள் அவரைத் தம் காவற்றலைவராகத் தெரிந்தெடுத்தனர். அவர் பெற்ற பாடசாலைக் கல்வி சொற்பமே. ஆயினும், அறியாமையோடு ஆயுதத்தையும் அதிகாரத்தையும் கைக்கொள்வது ஆபத்தானது என்பதை அவர் நன்குணர்ந்தார். 1908 இல் தம் பொலிஸாருக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். சட்டமும் சாட்சியமும், சுகாதாரமும் முதலுதவியும், புகைப்படக் கலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வந்து பாடஞ் சொன்னார்கள். 1916 இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்புகளில் குற்றவியல் ஒரு பாடமாயிற்று. 1930 இல் சான் ஹோசே நகரத்து அரசாங்கக் கல்லூரியில் இரண்டாண்டுப் பொலிஸ் பாடநெறி ஆரம்பமாயிற்று. பிற்காலத்துச் சமுதாயக் கல்லூரிகள் பின்பற்றிய மாதிரி இதுவே எனலாம்.

வொல்மர் கல்வியை வற்புறுத்தியதற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலத்தில் சந்தேக நபரை அடித்தும், உறங்கவிடாது வருத்தியும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கம் அமெரிக்க நகரங்களிற் பரவியிருந்தது. வொல்மர் தம் நகரில் அதைத் தடைசெய்திருந்தார். ஜனாதிபதி ஹூவர் நியமித்த விக்கர்ஷாம் ஆணைக்குழு 1931 இல் வெளியிட்ட அறிக்கைகளுள் ஒன்று, அவ்வழக்கத்தை ஆதாரங்களோடு அம்பலப்படுத்தியது. அதே ஆணைக்குழுவின் பொலிஸ் பற்றிய அறிக்கையை ஆக்குவதில் முதன்மையாக நின்றவர் வொல்மர். விஞ்ஞான முறையில் தடயத்தை ஆராயத் தெரிந்தவனுக்கு அடிக்க வேண்டிய தேவையில்லை என்பது அவர் துணிபு.

பொலிஸாருக்கு நேர்ந்த மாற்றம் சிறைக் காவலருக்கு மெல்லவே வந்தது. 1930 இல் ஐக்கிய அமெரிக்க மத்திய அரசாங்கம் தன் சிறைகளுக்கெனத் தனித் திணைக்களம் ஒன்றை நிறுவி, சான்போர்ட் பேட்ஸ் என்பவரை அதன் தலைவராக்கியது. அவ்வாண்டிலேயே காவலருக்கான பயிற்சிப் பாடசாலை ஒன்று நியூ யோர்க்கில் நடைபெறலாயிற்று. சின்சினாட்டிப் பிரகடனம் அறுபது ஆண்டுகளின் பின் கண்ட சிறு பயன் இது. 1954 இல் அமெரிக்கச் சிறைச் சங்கம் தன் பெயரை அமெரிக்கச் சீர்திருத்தச் சங்கம் என மாற்றிக்கொண்டது. சிறைக் காவலன் சீர்திருத்த உத்தியோகத்தன் ஆனான். பெயர் மாறியது; ஆனால் பெரும்பாலான சிறைகளில் வாழ்வு மாறவில்லை.

இதனை ஜோலியட்டிலேயே காணலாம். பழைய மறியற்சாலைக்கு அண்மையில் 1925 இல் ஸ்டேட்வில் என்னும் பெருஞ்சிறை திறக்கப்பட்டது. நடுவிலே நிற்கும் கோபுரத்திலிருந்து சுற்றிலுமுள்ள அறைகள் யாவற்றையும் ஒரே காவலன் பார்க்கத்தக்க வட்டக் கட்டடங்கள் அங்கே எழுந்தன. ஜோசப் றேகன் என்பவர் 1935 முதல் 1961 வரை, சிறிதொரு இடைவெளி நீங்கலாக, இரு சிறைகளையும் ஆண்டார். அவர் காலத்தில் ஸ்டேட்வில் ஒழுங்குக்குப் பெயர்பெற்றது. நடைபாதையில் வரிசை பிசகாமல் நடப்பது முதற்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விதி இருந்தது. காவலரும் அவ்விதிகளுக்குத் தப்பவில்லை. ஆனால் அவ்வொழுங்கு ஒரு மனிதரின் சித்தத்திலே தங்கியிருந்தது. கைதிக்கு உரிமை உண்டு என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

கைதிக்கு உரிமை இல்லை என்பது அமெரிக்கச் சட்டத்தின் பழைய நிலைப்பாடுமாகும். வேர்ஜீனியா மாநில நீதிமன்றம் 1871 இல் அளித்த ஒரு தீர்ப்பு, தண்டனை பெற்றவன் தற்காலிகமாக அரசின் அடிமை எனவே கூறியது. அந்நிலையைத் தகர்க்க உதவிய வழக்கு ஸ்டேட்விலிலிருந்தே புறப்பட்டது. தோமஸ் கூப்பர் என்ற கறுப்பின முஸ்லிம் கைதி, தம் சமய நூல்களை வாசிக்கத் தமக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகத் தலைமை அதிகாரி மீது வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1964 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை விசாரிக்க வேண்டுமென விதித்தது. அன்றுமுதல், மதிலுக்கு உட்புறத்திலும் அரசியலமைப்பு உண்டு என்பது நிலைபெறலாயிற்று. அரசியலமைப்பு உள்ளே நுழைந்ததும், அதனை அறிந்த காவலரும் தேவையாயினர். அவர்கள் செய்வதும் செய்யாது விடுவதும் வழக்காகும் காலம் பிறந்துவிட்டது.

இதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் குற்றமும் கலவரமும் பெருகின. ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் 1965 இல் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். 1967 இல் வெளிவந்த அதன் அறிக்கை, பொலிஸ், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பின் உறுப்புகளாக வைத்து நோக்கியது. ஒன்றில் நேரும் பிழை மற்றவற்றைத் தாக்கும் என்பதை அது விளக்கியது. பொலிஸார் யாவரும் காலப்போக்கிற் பட்டதாரிகளாதல் வேண்டும் எனவும் விதந்துரைத்தது. குற்றவியல் நீதி என்ற பெயரில் ஒரு தனிக் கல்வித்துறை எழுவதற்கு இவ்வறிக்கை பெரிதும் வழிகோலியது.

1968 இல் கொங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், அத்துறைக்குப் பணமும் வழங்கியது. காவற் பணியிலும் சிறைப் பணியிலும் இருப்போர்க்கும், அப்பணியிற் சேர விரும்புவோர்க்கும் கல்லூரிப் படிப்புக்கான நிதி உதவி கிடைத்தது. கடனாகப் பெற்ற பணத்தில், படிப்பு முடித்துப் பணியாற்றும் ஒவ்வோராண்டுக்கும் கால் பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. நான்காண்டு சேவை செய்தவனுக்குக் கடனே இல்லை. 1970களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 4 கோடி டொலர் இவ்வாறு செலவாயிற்று. ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் இத்திட்டத்திற் பங்குபற்றின.

இவ்வாய்ப்பைச் சமுதாயக் கல்லூரிகள் விரைந்து பற்றிக்கொண்டன. அவற்றின் வாயில் எவருக்கும் திறந்திருந்தது, கட்டணம் குறைவு, மாலையிலும் இரவிலும் வகுப்புகள் நடந்தன. முறைமாறி வேலை செய்யும் பொலிஸாரின் வசதி கருதி, ஒரே பாடத்தைக் காலையில் ஒரு முறையும் இரவில் மறுமுறையும் நடத்திய கல்லூரிகளும் இருந்தன. காவல் வேலை முடிந்து சீருடையோடு வந்த நடுத்தர வயதினர், பாடசாலையை விட்டு அண்மையில் வந்த இளைஞர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியைக் கண்டவர் யாவரும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். அதுவரை வெள்ளை ஆண்களின் கோட்டையாக இருந்த இப்பணிகளுக்குப் பெண்களும் கறுப்பினத்தவரும் வந்து சேர்வதற்கு இவ்வகுப்புகளும் ஒரு படியாயின.

அவர்கள் கற்றது என்ன? இரண்டாண்டுப் பாடநெறியிலே குற்றவியற் சட்டம், சாட்சியச் சட்டம், அரசியலமைப்பு, பொலிஸ் நிர்வாகம், இளம் குற்றவாளிகள், குற்றத்தின் காரணங்கள் என்பன முக்கிய பாடங்கள். சீர்திருத்தம் என்ற பாடத்திலே சிறையின் வரலாறும், நன்னடத்தைக் கண்காணிப்பும், தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையோடு விடுவிக்கும் முறையும், கைதியின் உரிமைகளும் அடங்கின. இவற்றோடு ஆங்கிலக் கட்டுரை, உளவியல், சமூகவியல் ஆகியனவும் உண்டு. அறிக்கை எழுதத் தெரியாத காவலனால் நீதிமன்றத்தில் உண்மையும் தோற்றுவிடும் என்பதால், கட்டுரைப் பாடம் மற்றெதற்கும் குறைந்ததன்று. 1963 இல் தமக்கு வழக்கறிஞர் வேண்டுமெனச் சிறையிலிருந்தே பென்சிலால் மனு எழுதி, ஏழைகள் அனைவருக்கும் அவ்வுரிமையைப் பெற்றுத்தந்த கிடியனின் வழக்கு, அவ்வகுப்புகளில் ஓதப்படும் முதற் கதைகளுள் ஒன்றாயிற்று.

கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்த அவ்வேளையிலே, 1971 செப்டெம்பர் மாதத்தில், நியூ யோர்க் மாநிலத்தின் அட்டிக்கா சிறையில் நெருப்பு மூண்டது. கைதிகள் சிறையின் ஒரு பகுதியைக் கைப்பற்றி, உத்தியோகத்தரைப் பிணையாகப் பிடித்தனர். அங்கிருந்த கைதிகளிற் பெரும்பாலோர் நகரங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் ஆவர். காவலரோ ஏறக்குறைய அனைவரும் சுற்றுப்புறக் கிராமங்களைச் சேர்ந்த வெள்ளையர். ஒருவர் வாழ்வை ஒருவர் அறியார். கைதிகள் முன்வைத்த கோரிக்கைகளுள், கல்வி வசதியைத் திருத்த வேண்டும் என்பதும், கறுப்பினத்தவரையும் ஸ்பானிய மொழி பேசுவோரையும் காவலராக நியமிக்க வேண்டும் என்பதும் இருந்தன. நான்கு நாட்கள் பேச்சு நடந்தது. ஐந்தாம் நாள் மாநிலப் படையினர் சுட்டுக்கொண்டு நுழைந்தனர். கலகம் தொடங்கியது முதல் முடிந்தது வரை 43 பேர் மாண்டனர். பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்தோருட் பத்துப் பேர் மாண்டது, மீட்க வந்தோரின் குண்டுகளினாலேயே. சிறைக் காவலனுக்குக் கல்வி எதற்கு என்ற வினாவுக்கு அட்டிக்கா இரத்தத்தால் விடை எழுதியது.

எனினும் கல்லூரிகள் அவ்விடையைச் சரிவரக் கற்பித்தனவா என்பது வேறு கேள்வி. 1978 இல் லோரன்ஸ் ஷேர்மன் தலைமையில் ஆக்கப்பட்ட ஓர் அறிக்கை, பொலிஸ் கல்வியின் தரத்தைக் கடுமையாகக் குறைகூறியது. பணம் வருகிறதென்று அவசரத்தில் தொடங்கிய பாடநெறிகள் பல. முழுநேர ஆசிரியர் இல்லாத இடங்கள் பல. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் தம் பழைய அனுபவங்களைக் கதையாகச் சொல்லுவதே பாடமாகிவிட்ட வகுப்புகளும் இருந்தன. துப்பாக்கியைத் துடைப்பதும் வாகனப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதும் பயிற்சி நிலையத்தின் வேலை. கல்லூரியின் வேலை சிந்திக்கக் கற்பிப்பது. இவ்வேறுபாட்டை மறந்த இரண்டாண்டுப் படிப்பை ஒழித்துவிடலாம் என்னும் அளவுக்கு அவ்வறிக்கை சென்றது.

அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அது முழு உண்மை ஆகாது. பெரிய பல்கலைக்கழகங்களின் கதை இதற்குச் சான்று. வொல்மரின் முயற்சியால் வேரூன்றி, 1950 இல் தனிக் கலாபீடமாக உயர்ந்த பெர்க்லியின் குற்றவியற் பீடம் 1976 இல் மூடப்பட்டது. ஊர்ச் சமுதாயக் கல்லூரியோ நிலைத்தது. ஒரு சிறு நகரத்தின் காவலன் வேலையை விடாமலும் குடும்பத்தைப் பிரியாமலும் படிக்கக்கூடிய இடம் அதுவன்றி வேறில்லை. குறைபட்ட பாடநெறியைத் திருத்தலாம். மூடப்பட்ட கதவினூடே எவரும் நுழைய முடியாது.

காலத்தின் போக்கும் இக்கல்விக்கு எதிராகவே திரும்பியது. 1974 இல் றொபேட் மார்ட்டின்சன் என்னும் ஆய்வாளர், சிறைகளில் நடைபெற்ற சீர்திருத்த முயற்சிகளை ஆராய்ந்து, அவற்றுட் பெரும்பாலானவை பயன் தரவில்லை என எழுதினார். எதுவுமே பயனில்லை என அதனைச் சுருக்கிக்கொண்டனர் அரசியல்வாதிகள். 1979 இல் அவரே தம் முடிவைத் திருத்தி எழுதியதைச் செவிமடுத்தோர் சிலரே. கல்லூரி உதவித்தொகையை வழங்கிய மத்திய நிறுவனம் 1982 இல் மறைந்தது. 1972 இல் மாநில, மத்திய சிறைகளில் இருந்தோர் தொகை 2 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு; 2009 இல் அது 16 இலட்சத்தைத் தாண்டி நின்றது. சிறைகள் பெருகப் பெருகக் காவலர் தேவையும் பெருகிற்று. சீர்திருத்தம் என்ற சொல் பாடப் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. சிறைகளில் அதற்கு இடம் சுருங்கியது.

இதற்கிடையில், காவலன் படித்த அதே கல்லூரியின் வாயிலில் கைதியும் வந்து நின்றான். 1972 இல் வறிய மாணவருக்கென ஏற்பட்ட மத்திய அரசின் உதவிப் பணத்தைக் கைதிகளும் பெறக்கூடியதாயிருந்தது. ஆசிரியர்கள் சிறைக்குட் சென்று வகுப்பு நடத்தினர். அவர்களுட் பலர் சமுதாயக் கல்லூரியினர். ஆனால் 1994 இல் நிறைவேறிய குற்றத்தடுப்புச் சட்டம் அவ்வுதவியைக் கைதிகளுக்கு முற்றாக நிறுத்தியது. அவர்கள் பெற்றது அம்மொத்த நிதியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும், தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பக் கடன்படும் காவலன், தான் காவல் காக்கும் திருடன் இலவசமாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற வாதம் வென்றது. அக்காவலனின் மனக்குறை பொய்யானதென்று தள்ளிவிட முடியாது. பிழை, அக்குறையைத் தீர்க்க அவன் பிள்ளைக்கு உதவாமல், மற்றவன் புத்தகத்தைப் பறித்ததிலேயே இருந்தது. சிறைக் கல்லூரி வகுப்புகள் நாடெங்கும் மூடப்பட்டன.

மறுபடி வாயில் திறக்க இருபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 2013 இல் றான்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, முப்பதாண்டுக் காலத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியது. சிறையிலே கல்வி பெற்றோர் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் சாத்தியம், பெறாதோருடையதிலும் 43 சதவீதம் குறைந்தது என அது கண்டது. படிக்க முன்வருபவன் ஏற்கெனவே திருந்த விரும்புபவனாக இருக்கலாம் என்ற ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயத்துக்கு இடமளித்த பின்னரும், கல்வியின் பயன் மறுக்க இயலாததாகவே நின்றது. 2015 இல் பரீட்சார்த்தமாகச் சில கல்லூரிகளுக்கு இடமளிக்கப்பட்டது. 2020 டிசெம்பரில் கொங்கிரஸ் தடையை நீக்கியது. 2023 யூலை முதலாந் திகதி உதவிப் பணம் முழுமையாக மீண்டது.

இன்று ஒரே சமுதாயக் கல்லூரி ஓரிடத்திற் காவலனுக்கும் வேறோரிடத்திற் கைதிக்கும் ஒரே பாடத்தைக் கற்பிக்கக் கூடும். சிறையிற் கிடப்போரில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள் வெளியே வந்து, ஏதோ ஒரு வீதியில் எவருக்கோ அயலவராக வாழப் போகின்றவர்கள். அவர்கள் எவ்வுள்ளத்தோடு வருவர் என்பது, உள்ளிருந்த காலத்தில் அவர்களை நடத்தியவர் எவ்வுள்ளத்தோடு நடத்தினர் என்பதிலும் பெரிதும் தங்கியுள்ளது. ஆகவே காவலனின் கல்வி கைதிக்குச் செய்யும் உபகாரம் மட்டுமன்று; அந்த அயலவர்க்குச் செய்யும் பாதுகாப்புமாகும்.

ஜோலியட்டின் பழைய மறியற்சாலை 2002 இல் மூடப்பட்டது. கைதிகள் வெட்டியெடுத்த கல்லால் எழுந்த அதன் மதில்களைக் காண இப்பொழுது உல்லாசப் பயணிகள் வருகின்றனர். ஆறு மாணவரோடு ஆரம்பமான கல்லூரியோ பல்லாயிரவரைக் கண்டு இன்றும் நடைபெறுகின்றது. குற்றவியல் நீதியும் அதன் பாடங்களுள் ஒன்று. வேலை முடிந்து களைத்து வரும் ஓர் இளங் காவலன், இரவு வகுப்பிலே கிடியனின் மனுவையோ கூப்பரின் வழக்கையோ வாசிக்கிறான். மறுநாட் காலை சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்கையில், கதவின் மறுபுறத்தில் இருப்பவனும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவன் என்பதை அவன் நினைப்பானாயின், அவ்வகுப்பு நடந்ததன் பயன் கிடைத்துவிட்டது.